கலைந்ததா, கலைத்ததா? கருச்சிதைவுக்குப் பின் வரும் ரத்தப்போக்கைப் பதிவதும் கோட் செய்வதும்

கேள்வி: கும்பகோணத்தில் மெடிக்கல் கோடிங் (நோயையும் சிகிச்சையையும் காப்பீட்டுக்கான எண்களாக மாற்றும் வேலை) படித்துவிட்டு, திருச்சியில் அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைப் பார்க்கும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். 9 வாரக் கர்ப்பம், கரு கலைந்த 6ஆம் நாள் ரத்தப்போக்கோடு வந்த நோயாளி. சார்ட்டில் ‘அபார்ஷன், பிளீடிங், டி அண்ட் சி டன்’ என்று மட்டும் இருக்கிறது (டி அண்ட் சி என்றால் கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது). இதற்குப் போட வேண்டிய ஐ.சி.டி. நோய்க் கோட் ஓ03.1, ஓ03.4, ஓ03.6, ஓ72.2 என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். எது சரி? என் அக்கா கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனையில் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருக்கிறார். டாக்டர் என்ன எழுதினால் எங்கள் இருவருக்கும் போதும்?

பதில்:

நான்கில் ஒன்றை மட்டும் இப்போதே தள்ளிவிடலாம். ஓ72.2 பிரசவத்துக்குப் பின் தாமதமாக வரும் ரத்தப்போக்குக்கு உரியது. குழந்தைப்பேறு நடந்திருந்தால்தான் அந்தப் பக்கமே போக வேண்டும். வார்டில் பேச்சுவாக்கில் ‘செகண்டரி பி.பி.எச்.’ (பிரசவத்துக்குப் பின் தாமதமான ரத்தப்போக்கு என்பதன் சுருக்கம்) என்று எழுதிவிடுவார்கள். 9 வாரத்தில் கரு போனவருக்கு அந்தச் சொல் பொருந்தாது.

மீதி மூன்றில் எதையும் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு போட முடியாது. உள்ளதை உள்ளபடி அட்டவணையில் தேடினால் நீங்கள் போய் நிற்கும் இடம் ஓ03.9. அதாவது, முழுமையான அல்லது விவரம் சொல்லப்படாத கருச்சிதைவு, சிக்கல் ஏதும் இல்லை. அந்தக் கோடோடு டி அண்ட் சி கட்டணத்தையும் சேர்த்து அனுப்பினால் காப்பீட்டு க்ளைமைப் பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, ‘முழுவதும் வெளியேறிவிட்டது, சிக்கலும் இல்லை என்றால் எதற்குச் சுரண்டினீர்கள்?’ என்பதாகத்தான் இருக்கும். டினையல், அதாவது பணம் தர மறுப்பது, அங்கேதான் பிறக்கிறது. சிகிச்சை சரியாகவே நடந்திருக்கும், சொற்கள்தான் குறைந்திருக்கும்.

(இங்கே ‘ஓ’ என்று எழுதுவது ஆங்கில எழுத்து, அதற்கு அடுத்தது பூஜ்யம். புதிதாகத் தட்டுகிறவர்கள் இரண்டையும் மாற்றிப் போடுவது வழக்கமாக நடக்கிறது.)

சார்ட் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: கரு தானாகக் கலைந்ததா, கலைக்கப்பட்டதா; உள்ளே மிச்சம் இருந்ததா; ரத்தப்போக்கு எதிர்பார்த்த அளவா, அதைத் தாண்டியதா. மூன்றில் முதலாவதில்தான் நம் ஊரிலும் அமெரிக்காவிலும் தவறு அதிகம், அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

தமிழில் இந்த வித்தியாசம் ஒரே எழுத்தில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் ‘கலஞ்சிடுச்சு’ என்றால் தானாகப் போயிற்று என்று பொருள். ‘கலச்சிட்டோம்’ என்றால் முடிவெடுத்துச் செய்தது. ‘வயித்துல தங்கல’, ‘நிக்கல’ என்பதெல்லாம் முதல் வகை. ‘மருந்துக்கடையில மாத்திரை வாங்கிப் போட்டேன்’ என்பது இரண்டாம் வகை. எழுத்துத் தமிழிலும் கருச்சிதைவு வேறு, கருக்கலைப்பு வேறு. இவ்வளவு தெளிவாக நோயாளி சொன்னதைக் கேஸ் ஷீட்டில் ‘அபார்ஷன்’ என்று எழுதிய மறுகணம் அந்த எழுத்து காணாமல் போகிறது. ஆங்கில மருத்துவச் சொல் இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது.

கோடிங்கில் இதன் விளைவு பெரியது. தானாகக் கலைந்தால் ஓ03 குடும்பம். கலைத்து, கரு முழுவதும் வெளியேறி, பின்னர் சிக்கல் வந்தால் ஓ04; அதில் தாமதமான அல்லது மிகையான ரத்தப்போக்கு ஓ04.6. கலைக்க முயன்று அது முழுமையடையாமல் மிச்சம் தங்கி ரத்தம் போனால் ஓ07.1. வெறும் ‘அபார்ஷன்’ என்று இருந்தால் அமெரிக்கப் பதிப்பான ஐ.சி.டி-10-சி.எம். அட்டவணை அதைத் தானாகக் கலைந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே விவரம் இல்லாத சார்ட் நடுநிலையான கோடுக்குப் போவதில்லை, ஒரு பக்கமாகச் சாய்கிறது.

எதிர்த்திசையில் நடக்கும் தவறு இதைவிடக் கொடுமையானது. மருந்துப் பட்டியலில் மிசோப்ரோஸ்டால் என்று பார்த்தவுடன் ‘ஓகோ, கருக்கலைப்பு’ என்று ஓ04 பக்கம் போய்விடுகிறார்கள். அந்த மாத்திரைக்கு இரண்டு வேலை உண்டு. மருந்துக்கடைகளில் ‘கிட்’ என்று சொல்லப்படும் அட்டையில் மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்றும், மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கும் இருக்கும், அது கலைப்பதற்கு. தானாகக் கலைந்து மிச்சம் தங்கிவிட்ட கருப்பையைச் சுத்தமாக்கவும் அதே மிசோப்ரோஸ்டால்தான்: 14 வாரத்துக்கு உட்பட்ட கருப்பை அளவில் 600 மைக்ரோகிராம் விழுங்கவோ, 400 மைக்ரோகிராம் நாக்குக்கு அடியில் வைக்கவோ கொடுப்பார்கள். துடிப்பு நின்றுபோன கருவை வெளியேற்ற மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும் சேர்த்தே கொடுப்பதுண்டு. இவை கருச்சிதைவுக்கான சிகிச்சை, கோட் மாறாது. எந்த மாத்திரை என்பதைவிட, மாத்திரை கொடுத்தபோது கர்ப்பம் எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். டாக்டர் குறிப்பில் அந்த ஒரு வரி இல்லையென்றால் கேட்டே ஆக வேண்டும்.

2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை மாநிலங்களின் கையில் விட்டபிறகு, பல மாநிலங்களில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. ஓ03 வர வேண்டிய இடத்தில் ஓ04 போடப்பட்டால், ஆசையாகக் காத்திருந்த கருவை இழந்த ஒரு பெண்ணின் ஆவணத்தில், அவர் ஊரில் தடை செய்யப்பட்ட ஒன்று நடந்ததாகப் பதிவாகிவிடும். திருச்சியில் ஒரு திரைக்கு முன் உட்கார்ந்து தட்டும் மூன்று எழுத்துக்கு இவ்வளவு கனம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பணமும் அதோடு போகும்: கருக்கலைப்புக்குப் பணம் தராத பாலிசிகள் அங்கே நிறைய.

அடுத்தது, மிச்சம் இருந்ததா. முழுமையடையாத கருச்சிதைவில் மிகையான அல்லது தாமதமான ரத்தப்போக்கு என்றால் ஓ03.1. முழுமையான கருச்சிதைவில், அல்லது முழுமையா இல்லையா என்று சொல்லப்படாதபோது, ஓ03.6. மிச்சம் மட்டும் இருக்கிறது, வேறு சிக்கல் இல்லை என்றால் ஓ03.4. மிச்சத்தோடு மிகையான ரத்தப்போக்கும் இருந்தால் ஓ03.4 போடக் கூடாது. சிக்கலைச் சொல்லும் கோட் அதன் இடத்தில் வரும், இரண்டும் சேர்ந்து வராது.

இதில் ஒரு முடிச்சு. முதல் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது ‘கம்ப்ளீட் அபார்ஷன்’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருப்பார்கள். 6 நாள் கழித்து ஸ்கேனில் மிச்சம் தெரிகிறது. பழைய சம்மரிக்குக் கட்டுப்பட்டு ஓ03.6 போட வேண்டியதில்லை. இந்த வருகையில் டாக்டர் எழுதியதுதான் கணக்கு. முன்பு முழுமை என்று எழுதியிருந்தாலும் இப்போது மிச்சம் இருப்பதால் முழுமையடையாதது என்றே கோட் செய்யலாம் என்று அமெரிக்க வழிகாட்டு விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன.

இன்னொன்று, ‘மிச்சம் இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்ற சொற்கள். வெளிநோயாளி சார்ட்டில் சந்தேகத்தைக் கோட் செய்யக் கூடாது. உள்நோயாளியாக இருந்து, டிஸ்சார்ஜ் நேரத்திலும் ‘சந்தேகம்’ என்றே நின்றால் இருப்பதாகக் கொண்டு கோட் செய்யலாம். ஒரே வாக்கியம், இடத்தைப் பொறுத்து இரண்டு முடிவு. ஸ்கேன் அறிக்கையில் ‘24க்கு 18 மில்லிமீட்டர் திசு’ என்று இருப்பதைப் பார்த்து உள்நோயாளிக்கு நீங்களாகவே ‘முழுமையடையாதது’ என்று முடிவுகட்டவும் கூடாது. சிகிச்சை தரும் டாக்டர் அதை ஏற்று எழுத வேண்டும்.

துடிப்பு நின்ற கரு உள்ளேயே இருப்பது வேறு கணக்கு. 20 வாரத்துக்குள் இருந்தால் அது ஓ02.1. அதற்குச் சிகிச்சை செய்யும்போதோ செய்த பிறகோ மிகையாக ரத்தம் போனால் ஓ03 பக்கம் தாவாமல், ஓ02.1 போட்டு, அதோடு ஓ08.1 சேர்க்க வேண்டும். கருக்குழாய்க் கர்ப்பத்துக்கும் முத்துக்கருவுக்கும் (நஞ்சுத்திசு முத்து முத்தாக வீங்கி வளரும் கோளாறான கர்ப்பம்) இதே முறைதான். எடுத்த திசுவின் பயாப்சியில் பகுதி முத்துக்கரு என்று பின்னால் வந்தால் முதன்மைக் கோட் ஓ01.1 ஆக மாறும். அதனால் பயாப்சி அனுப்பியிருக்கிறார்களா, முடிவு வந்துவிட்டதா என்று பார்க்காமல் சார்ட்டை மூடாதீர்கள்.

இப்போது ரத்தப்போக்கு. கரு கலைந்தால் ரத்தம் போகத்தான் செய்யும். ஓரிரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது இயல்பு. ‘பி.வி. பிளீடிங் (பிறப்புவழி ரத்தப்போக்கு) இருக்கிறது’ என்ற வரி அந்த இயல்பைத்தான் சொல்கிறது, சிக்கலைச் சொல்லவில்லை. கோட் புத்தகம் கேட்பது ‘தாமதமான’ அல்லது ‘மிகையான’ என்ற சொல்லை. பெரிய பேட் மணிக்கு இரண்டு வீதம் தொடர்ந்து 2 மணி நேரம் நனைந்தால் உடனே வர வேண்டும் என்று நோயாளிகளுக்குச் சொல்வது வழக்கம். அந்த எண்ணிக்கை குறிப்பில் இருந்தால் டாக்டருடைய ‘மிகையான’ என்ற சொல்லுக்கு முதுகெலும்பு கிடைக்கும். எண்ணிக்கை மட்டும் இருந்து அந்தச் சொல் இல்லையென்றாலோ, கோடர் கை கட்டப்பட்டிருக்கிறது.

டெல்டா கிராமங்களில் பேட் எண்ணிக்கையை நம்ப முடியாத இடமும் உண்டு. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்து வைக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். ‘நாலு துணி மாத்தினேன்’ என்றால் அந்தத் துணி எவ்வளவு பெரியது, எத்தனை மடிப்பு, யாருக்குத் தெரியும்? அக்காவின் மருத்துவமனையில் ஒரு சிறிய மின்னணுத் தராசு வாங்கி வைக்கச் சொல்லுங்கள், மளிகைக் கடையில் இருப்பது போதும். நனைந்த துணியை எடை போட்டு, அதே அளவு காய்ந்த துணியின் எடையைக் கழித்தால், 1 கிராம் 1 மில்லி என்று எடுத்துக்கொள்ளலாம். நனைந்தது 310 கிராம், காய்ந்தது 90 கிராம் என்றால் 220 மில்லி. கருப்பையில் உள்ளதைக் கையாலேயே உறிஞ்சும், ஊசிக்குழல் போன்ற எம்.வி.ஏ. கருவியில் எடுக்கும்போது அதன் கொள்ளளவே 60 மில்லி. எத்தனை முறை நிரம்பியது என்று எண்ணினால் திசுவும் ரத்தமும் சேர்ந்த அளவு கிடைக்கும். ‘மாடரேட் பிளீடிங்’ என்று எழுதுவதைவிட இந்த எண்கள் ஆயிரம் மடங்கு மேல்.

இதோடு நாடி, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் மூன்றும் நேரத்தோடு வேண்டும். நாடித் துடிப்பை மேல் ரத்த அழுத்தத்தால் வகுத்தால் 0.9க்கு மேல் வருவது எச்சரிக்கை. நாடி 118, அழுத்தம் 90 என்றால் 1.3, அந்தப் பெண்ணைக் காத்திருப்பு நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது. ஹீமோகுளோபினில் ஒரு சூட்சுமம் உண்டு: ரத்தம் போன உடனே எடுத்தால் அது குறைந்து காட்டாது. நம் பக்கத்தில் கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை முன்பே இருப்பதும் சாதாரணம். ஆகவே கிராம சுகாதாரச் செவிலியர் பதிவு செய்தபோது எடுத்த ஹீமோகுளோபினைத் தாய்-சேய் அட்டையிலிருந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ‘பதிவின்போது 10.4, இன்று காலை 9.2, மாலை 7.1’ என்று மூன்று எண் இருந்தால்தான் ‘ரத்த இழப்பால் வந்த திடீர் ரத்தசோகை’ என்ற டாக்டரின் முடிவுக்கு ஆதாரம் நிற்கும். அதற்கான துணைக் கோட் டி62 (D62). ‘ரத்தசோகை’ என்று மட்டும் எழுதினால் டி62 கிடைக்காது. ரத்தம் ஏற்றியதாலேயே கிடைத்துவிடாது.

அதிர்ச்சி நிலையும் அப்படித்தான். 80/50 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் ‘ஷாக்’ என்று கோட் போட முடியாது. டாக்டர் எழுதினால் முழுமையடையாததற்கு ஓ03.31, முழுமையானதற்கு ஓ03.81; ரத்தப்போக்குக் கோடோடு சேர்ந்தே வரலாம். ரத்தம் உறையாமல் போகும் டி.ஐ.சி. நிலைக்கு டி65 தேடாதீர்கள், அது ஓ03.1, ஓ03.6 இரண்டின் உள்ளேயே அடக்கம், டி65 இங்கே வரக் கூடாது என்று புத்தகமே விலக்கி வைத்திருக்கிறது. கர்ப்ப வாரத்தைச் சொல்லும் இசட்3ஏ வரிசையும் வேண்டாம், ஓ00 முதல் ஓ08 வரையுள்ள நிலைகளில் அதைப் போடக் கூடாது. வாரம் கோடில் வராது என்பதற்காக டாக்டர் எழுதாமல் விட்டுவிடக் கூடாது, ஓ02.1 வருமா என்பதையும் செயல்முறைக் கோட் எது என்பதையும் அந்த வாரம்தான் தீர்மானிக்கிறது.

செயல்முறைக் கோடைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுமையடையாத கருச்சிதைவை அறுவை முறையில் முடித்தால் சி.பி.டி. (அமெரிக்காவில் செயல்முறைகளுக்கான கோட் தொகுப்பு) 59812, எந்த மும்மாதமானாலும். துடிப்பு நின்ற கருவுக்கு முதல் மும்மாதம் 59820, இரண்டாம் மும்மாதம் 59821. கிருமித்தொற்று ஏறிய கருச்சிதைவுக்கு 59830. கர்ப்பத்தோடு சம்பந்தமில்லாத டி அண்ட் சி 58120, பிரசவத்துக்குப் பின் சுரண்டுவது 59160. இரண்டும் இங்கே தவறு, ஆனால் ‘டி அண்ட் சி’ என்று தேடுகிறவர்கள் முதலில் பிடிப்பது 58120தான். உறிஞ்சி எடுத்தாலும் சுரண்டி எடுத்தாலும் 59812 மாறாது. மாத்திரை மட்டும் கொடுத்து முடித்தால் இவை எதுவும் இல்லை, ஆலோசனை வருகைக்கான கோட் மட்டும். உள்நோயாளியாக இருந்து தங்கிய மிச்சத்தைப் பிறப்புவழியாக எடுத்தால் மருத்துவமனை அனுப்பும் பில்லுக்கு 10டி17இசட்இசட் (10D17ZZ).

59812க்குப் பின் 90 நாள் ஒரே தொகுப்பாகக் கருதப்படும். முதல் தடவை சுரண்டி அனுப்பிய அதே டாக்டர், 10ஆம் நாள் ரத்தப்போக்குக்காக மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டுபோனால் 78 என்ற மாடிஃபையர் (கோடோடு ஒட்டும் கூடுதல் எண்) வேண்டும். இல்லையென்றால் ‘ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று’ என்று திரும்பி வரும். முதல் தடவை மாத்திரையோடு முடிந்திருந்தால் அந்தத் தொகுப்பே தொடங்கவில்லை, மாடிஃபையர் தேவையில்லை. இதைத் தெரிந்துகொள்ள முதல் தடவை என்ன செய்தார்கள் என்ற வரி சார்ட்டில் இருக்க வேண்டும்.

இனி டாக்டர் எழுத வேண்டியது. பெரும்பாலும் நாம் பார்ப்பது இப்படி இருக்கும்: ‘கேஸ் ஆஃப் அபார்ஷன் வித் பிளீடிங். டி அண்ட் சி டன். ஒன் யூனிட் பிளட் கிவன். ஸ்டேபிள்.’ அதே நோயாளிக்கு, எழுதக் கூடுதலாக நான்கு நிமிடம் பிடிக்கும் ஒரு மாதிரிக் குறிப்பு கீழே (எண்கள் உதாரணத்துக்கு).

‘29 வயது, மூன்றாம் கர்ப்பம், ஒரு பிரசவம், முன்பு ஒரு கருச்சிதைவு. கடைசி மாதவிடாய்க் கணக்கில் 9 வாரம் 4 நாளில் தானாகக் கருச்சிதைவு, 6 நாள் முன்பு வீட்டில். கலைக்க மருந்தோ தலையீடோ இல்லை; தனியாக விசாரித்து உறுதி செய்தது. அப்போது சிகிச்சை எதுவும் பெறவில்லை. இன்று விடிகாலை 5 மணி முதல் கட்டி கட்டியாகக் கடும் ரத்தப்போக்கு, 2 மணி நேரத்தில் 5 பேட். வந்தபோது நாடி 118, அழுத்தம் 90/60, காய்ச்சல் இல்லை. கருப்பை வாய் திறந்து, திசு தெரிகிறது. ஸ்கேனில் 24 × 18 மில்லிமீட்டர் எஞ்சிய திசு. எம்.வி.ஏ. செய்து திசு எடுக்கப்பட்டது, பயாப்சிக்கு அனுப்பப்பட்டது. துளை, காயம் இல்லை. அளந்த ரத்த இழப்பு 650 மில்லி. ஹீமோகுளோபின் 10.4லிருந்து 7.1, ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றியபின் 8.0. ரத்த வகை ஓ நெகட்டிவ், ஆன்டி-டி ஊசி இன்று மாலை 4 மணிக்குப் போடப்பட்டது. முடிவு: முழுமையடையாத, தன்னிச்சையான கருச்சிதைவு, அதைத் தொடர்ந்து தாமதமான, மிகையான ரத்தப்போக்கு, ரத்த இழப்பால் திடீர் ரத்தசோகை.’

இதிலிருந்து ஓ03.1, டி62, 59812 மூன்றும் எதிர்க்கேள்வி இல்லாமல் வரும். ‘முடிவு’ என்ற கடைசி வரிதான் கோடருக்கு உயிர். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் அந்த வரியைத் தாங்கும் தூண்கள். வரி மட்டும் இருந்தால் தணிக்கையில் விழும், தூண் மட்டும் இருந்தால் கோடே போட முடியாது.

‘தனியாக விசாரித்து’ என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ கணவரோ நிற்கும்போது ‘மாத்திரை போட்டாயாம்மா?’ என்று கேட்டால் ‘இல்லீங்க’ என்ற ஒரே பதில்தான் வரும். உடன் வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, திரை போட்டு, தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும்: ‘தானா கலஞ்சுதா, மாத்திரை ஏதாச்சும் எடுத்தீங்களா? வைத்தியம் சரியாப் பண்ணத்தான் கேக்குறோம்.’ அவர் சொல்வதை அவர் சொன்னபடியே தமிழில் ஒரு வரி எழுதிவைப்பது மிக நல்ல பழக்கம். நான் மேலே சொன்ன எழுத்து அப்போது தொலையாது. கலைப்பு என்று தெரிந்தால் அவர் பெயர் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் கட்டாயப்படுத்துகிறது, டாக்டருக்கு மட்டுமல்ல, அந்தத் தாளைத் தொடும் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கும் இந்தக் கவனம் வேண்டும்.

நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டிலும் பார்வை வேண்டும். வேதாரண்யம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, நாகப்பட்டினம், திருவாரூர் மருத்துவக் கல்லூரி என்றோ, கும்பகோணத்திலிருந்து தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ 108 வண்டியில் போகும் பெண்ணுக்கு, ஒவ்வொரு படியிலும் ஒரு புதிய கேஸ் ஷீட் திறக்கப்படுகிறது. முதல் இடத்தில் போன ரத்தம், போட்ட ஊசி, எடுத்த நேரம் எதுவும் சீட்டில் இல்லையென்றால் கடைசி இடத்தில் அது ‘சிறிது ரத்தப்போக்கு’ ஆகிவிடும். டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் எத்தனை மணிக்கு, ஆக்ஸிடோசின் எவ்வளவு, சலைன் எத்தனை பாட்டில், துணியின் எடை எவ்வளவு: இந்த நான்கையும் சீட்டின் பின்பக்கத்திலாவது எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

சார்ட் குறையாக இருந்தால் நீங்கள் டாக்டருக்கு அனுப்பும் குவெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) பதிலைத் திணிக்கக் கூடாது. ‘மிகையான ரத்தப்போக்கு என்று எழுத முடியுமா?’ என்று கேட்பது தவறு. சார்ட்டில் உள்ள பேட் கணக்கு, நாடி, ஹீமோகுளோபின், ஸ்கேன் ஆகியவற்றை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, ‘இந்த ரத்தப்போக்கின் தன்மையைக் குறிப்பிடவும்: எதிர்பார்த்த அளவு / மிகையானது / தாமதமானது / வேறு / தீர்மானிக்க இயலாது’ என்று கேளுங்கள். தானாகவா, கலைக்கப்பட்டதா என்பதற்கும் இதே வடிவம்.

அக்காவுக்கு மூன்று செய்தி தனியாக இருக்கிறது, ஏனென்றால் அவர் பார்ப்பது வேறு புத்தகம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 பதிப்பில் ஓ05 (வேறு வகைக் கருச்சிதைவு), ஓ06 (வகை சொல்லப்படாதது) உண்டு. அமெரிக்கப் பதிப்பில் அவை கிடையாது. வெறும் ‘அபார்ஷன்’ என்பது உலக சுகாதார நிறுவனப் பதிப்பில் ஓ06க்குப் போகும். கருச்சிதைவுக்கான கவனிப்பு முந்தைய அனுமதியிலேயே முடிந்து, இந்த அனுமதி முழுக்க முழுக்க ரத்தப்போக்குக்காக மட்டும் என்றால் அந்தப் பதிப்பில் ஓ08.1 முதன்மைக் கோடாகவே வரலாம். நீங்கள் திருச்சியில் அதைச் செய்தால் தவறு, அவர் கும்பகோணத்தில் செய்தால் சரி. வீட்டில் இருவரும் ஒரே நோயாளியை வைத்து விவாதித்துச் சண்டை வந்தால் காரணம் இதுவாக இருக்கும்.

இரண்டாவது, காப்பீடு. நம் நாட்டுத் தனியார் மருத்துவப் பாலிசிகளில் ‘விலக்கு 18’ என்று ஒரு பொது நிபந்தனை உண்டு: பிரசவச் செலவும், விபத்தால் ஏற்படாத கருச்சிதைவுச் செலவும் கிடைக்காது, கருக்குழாய்க் கர்ப்பத்துக்கு மட்டும் விலக்கிலிருந்து விலக்கு. மகப்பேறு இணைப்பு தனியாக வாங்கியிருந்தால் அதன் நிபந்தனையைப் பார்க்க வேண்டும். இந்த விலக்கைத் தாண்ட, ‘காரணம் தெரியாத கருப்பை ரத்தப்போக்கு’ என்று என்93.9 போட்டுத் தரச் சொல்லி உறவினர்கள் கெஞ்சுவார்கள். மனம் இளகும், செய்யக் கூடாது. ஸ்கேன், பயாப்சி, கர்ப்பப் பரிசோதனை மூன்றும் கோப்பிலேயே இருக்கின்றன. க்ளைம் நிராகரிக்கப்படுவதோடு பாலிசியே ரத்தாகலாம். அதைவிட, அடுத்த கர்ப்பத்தில் பார்க்கும் டாக்டருக்கு இந்தப் பெண்ணுக்குக் கரு கலைந்தது என்ற வரலாறே தெரியாமல் போகும். விபத்தால் கலைந்திருந்தால் மட்டும் அந்த விபத்தின் தேதியும் விவரமும் முதல் நாள் குறிப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, சம்பள விடுப்பு. ஜவுளிக்கடையிலோ தனியார் பள்ளியிலோ வேலை பார்க்கும் பெண்களுக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே பல சமயம் தெரிவதில்லை. 1961 மகப்பேறு நலச் சட்டம் கருச்சிதைவுக்கு 6 வாரச் சம்பள விடுப்பைத் தந்தது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. கருச்சிதைவால் உடல்நலம் கெட்டால் மேலும் 1 மாதம் வரை கிடைக்கும். அந்தக் கூடுதல் மாதத்துக்கு ‘ஓய்வு தேவை’ என்ற சான்று போதாது. ‘கருச்சிதைவைத் தொடர்ந்த மிகையான ரத்தப்போக்கு, ரத்தசோகை’ என்று காரணத்தோடு இருக்க வேண்டும். 6 வாரம் எண்ணப்படுவது கருச்சிதைவு நடந்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து. பல சான்றுகளில் டி அண்ட் சி செய்த தேதிதான் இருக்கிறது, கரு போன தேதி இல்லை; அலுவலகமும் ஈ.எஸ்.ஐ.யும் எதை வைத்து எண்ணுவது என்று தாளைத் திருப்பி அனுப்புகின்றன. இரண்டு தேதியையும் தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) இருந்தால் அதையும் சான்றில் போட்டு, கர்ப்பம் முடிந்த விவரத்தைக் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் பிரசவ தேதி நெருங்கும்போது ‘எப்போம்மா ஆஸ்பத்திரிக்கு வரீங்க?’ என்று அந்தப் பெண்ணுக்குப் போன் போகும்.